டெய்லர் அண்ணன் அளந்த படம்

பழைய கேசட்டை டிவிடியாக மாற்றித் தருவது என் தொழில். இந்தத் தொழிலில் பாராட்டு வாங்கினவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இருபது வருஷம் அலமாரியில் பூஞ்சை பிடிக்க விட்டிருப்பார்கள். ஒருநாள் ஞானோதயம் வந்து தூக்கிக்கொண்டு வருவார்கள். "நேத்து எடுத்த மாதிரி பளிச்சுன்னு வரணும்" என்பார்கள். வராது. வராவிட்டால் பழி கேசட் மேல் விழாது, என் மெஷின் மேல்தான் விழும். எனக்குச் சுர்ரென்று ஏறும்.

அதனால் டெய்லர் அண்ணன் அந்தச் சின்ன கேசட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"அண்ணே, இதுல என்ன இருக்கோ அதுதான் டிஸ்க்ல வரும். அதுக்கு மேல ஒரு புள்ளிகூட வராது. அப்புறம் வந்து சண்டை போடக் கூடாது."

"இருக்கறதே போதும் தங்கச்சி" என்றார். கேசட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "கம்மியா வந்தாக்கூடப் பரவாயில்ல" என்றார்.

காலை பதினொரு மணி இருக்கும். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. என் கடை ஒற்றை அறை. டேப் மேல் தூசி படியக் கூடாது என்று மின்விசிறி போடமாட்டேன். பழைய டேப்பின் புளித்த வாடையும் சூடான பிளாஸ்டிக் வாடையும் எப்போதும் இருக்கும். அண்ணன் கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே வந்திருந்தார். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவர் தைத்த துணியில்தான் நடமாடுகிறார்கள். தூரத்தில் வருகிற ஆளைப் பார்த்தே இடுப்பளவு சொல்லிவிடுவார், கால் அங்குலம் தப்பாது.

அவருடைய மனைவி மாடியிலிருந்து விழுந்து இறந்து இருபத்து நாலு வருஷம் ஆகிறது. மகளுக்கு அப்போது ஒரு வயது. கால் இடறி விழுந்துவிட்டாள் என்றுதான் ஊரே சொல்லும். அதன்பிறகு அண்ணன் மொட்டைமாடிக் கதவைப் பூட்டினார். பாதியில் நின்ற கட்டட வேலை அப்படியே நின்றுபோனது. மாடியில் கைப்பிடிச்சுவர்கூடக் கட்டவில்லை. மறுகல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் தையல் மெஷினை மிதித்தே மகளை ஆளாக்கினார். அந்தப் பாப்பாவுக்கு இப்போது வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. பத்து நாளில் பயணம்.

"அம்மா குரலை எடுத்துட்டுப் போகணும்கறா" என்றார் அண்ணன். "பாப்பாவோட அம்மா ஆசைப்பட்டு, அவ தம்பிகிட்ட கேமராவை வாங்கி, ரெண்டு மணி நேரம் அவளே எடுத்தா. எடுத்தவ எப்படிப் படத்துல இருப்பா? குரல் மட்டும் இருக்கு. வேற எங்கயும் கிடையாது."

"தந்துடலாம்ணே."

"ஒரே ஒண்ணு. கடைசியில, மாடியில, பாப்பா மொதமொதலா நடப்பா. அங்க நான் பேசுவேன். அந்தப் பேச்சு வேண்டாம். எடுத்துடு."

"அப்பா குரல் இருந்தா பாப்பாவுக்குச் சந்தோஷம்தானே?"

அவர் உட்காரவில்லை. கழுத்திலிருந்த அளவு டேப்பின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் சொல்லித்தான் தங்கச்சி அவ பின்னாடி போனா. 'இன்னும் கொஞ்சம் பின்னாடி போ'ன்னு சொன்னேன். போனா. கால் இடறல, ஒண்ணும் இடறல. நான் சொன்னேன், அவ போனா. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. பாப்பா அதைக் கேட்டான்னா, அப்புறம் எனக்குன்னு யாரு இருக்கா?"

மேசை மேலிருந்த கேசட்டைப் பத்திரமாகக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"நான் பேசறது எதுவும் வேண்டாம்" என்று மறுபடி சொன்னார். "நீ பாத்து எடுத்துடு. என்னால முடியாது. அதை நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் பார்த்தேன்.

செங்கல்லும் மணலும் கிடக்கிற மொட்டைமாடி. கருகருவென்று மீசை வைத்த டெய்லர் அண்ணன் தரையில் உட்கார்ந்து, குழந்தையின் அக்குளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். மெல்ல விடுகிறார். கேமராவுக்குப் பின்னாலிருந்து, காதோடு பேசுவதுபோல ஒரு பெண் குரல்: "வா, வா, என் ராஜாத்தி. அம்மாகிட்ட வா." குழந்தை ஒரு எட்டு வைக்கிறது. கேமரா ஒரு எட்டு பின்னால் போகிறது. நடை பழக்குகிற எந்த அம்மாவும் அப்படித்தான் செய்வாள். அண்ணன் குழந்தையையே பார்த்தபடி சொல்கிறார்: "இன்னும் கொஞ்சம் பின்னாடி போ, நடக்கட்டும்." அவள் சிரித்துக்கொண்டே போகிறாள். இரண்டு எட்டு. மூன்று எட்டு.

அப்போது அண்ணன் தலையை நிமிர்த்துகிறார். முகம் மாறுகிறது. "போதும்! நில்லு, நில்லு!"

பிறகு வானம். பிறகு டேப் முடிந்து நீலத்திரை.

கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் கண்ணைத் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். 'நான் பேசறது எதுவும் வேண்டாம்' என்றாரே, அதனால் 'பின்னாடி போ'வையும் எடுத்தேன், 'நில்லு'வையும் எடுத்தேன். முதல் இடத்தில் படத்தின் முன்பகுதியிலிருந்து காற்றுச் சத்தத்தை வெட்டி ஒட்டினேன், தையல் தெரியாதபடி. இரண்டாவது இடத்தில், அண்ணன் தலை நிமிர்வதற்கு முன்பே படம் இருண்டு முடிகிற மாதிரி வைத்தேன். கேட்டதைக் கேட்டபடி, சுத்தமாகச் செய்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். இன்று நினைத்தால் என் கையை நானே உடைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முதல் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனவர் மறுநாளே வந்தார்.

"முகமெல்லாம் கட்டம் கட்டமா உடையுது தங்கச்சி."

அது என் தப்புதான். இரண்டு மணி நேரத்தையும் ஒரே டிஸ்க்கில் திணித்திருந்தேன். ஒரு பெட்டியில் இரண்டு பெட்டித் துணியை அமுக்கினால் கசங்கத்தானே செய்யும்? இரண்டு டிஸ்க்காகப் பிரித்துப் பதிந்து, மாடிப்படம் இருந்ததை அன்றைக்கே கொடுத்தேன்.

மறுநாள் மறுபடி வந்தார்.

"கட்டம் போயிடுச்சு. ஆனா பாப்பா கையை ஆட்டினா ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி பிரியுது."

அதுவும் எனக்குத் தெரிந்த வியாதிதான். படம் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டு பாதியாக ஓடும். எது முன்னால், எது பின்னால் என்று மாற்றிப் போட்டுவிட்டால் அசைகிறதெல்லாம் கிழியும். "இதைச் சரி பண்ணிடலாம்ணே, பத்து நிமிஷ வேலை" என்றேன்.

"இன்னொண்ணு. பாப்பா சின்னதாயிட்டா."

"என்னது?"

"அளவு குறையுது. மாடிப்படம் ஆரம்பிக்கறப்ப நிறுத்தி அளந்தேன். மொத டிஸ்க்ல ஒம்பது அங்குலம் இருந்தா. இதுல ஏழரை."

டிவி திரையில் அளவு டேப்பை வைத்துப் பார்த்திருக்கிறார் மனுஷன்! எனக்கு வந்ததே கோபம். "அண்ணே, படத்துக்கு யாராச்சும் பேன்ட்டு தைக்கப் போறாங்களா? சில டிவி ஓரத்தை வெட்டும், சிலது வெட்டாது. சிலது அகலமா இழுக்கும். அதுக்கெல்லாம் நான் பொறுப்பா?"

"எங்க வீட்ல ஒரே டிவிதான் தங்கச்சி. ரெண்டையும் அதுலதான் பாத்தேன்."

பதில் இல்லாவிட்டால் என் குரல் இன்னும் உயரும். வரியைச் சரிசெய்து, நல்ல டிஸ்க்காகப் பார்த்துப் போட்டு, வேகத்தைக் குறைத்து மெதுவாகப் பதிந்து கொடுத்தேன். "இதுக்கு மேல குறை சொன்னீங்கன்னா என் கடையை நீங்களே எடுத்து நடத்துங்க" என்றேன். பாவம், சிரித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவரைக் காணவில்லை. குறை தீர்ந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது குனிந்து உள்ளே வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"படம் நல்லா இருக்கு" என்றார். "ரொம்பத் தெளிவா இருக்கு. அதான் பயமா இருக்கு."

"உக்காருங்க. என்னாச்சு?"

"பாப்பா முந்தாநாள்லேருந்து அதையேதான் பாத்துட்டிருக்கா. சாப்பிடல, பெட்டி கட்டல. முடிய முடியத் திரும்பப் போடறா. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறா. காலையில 'மாடிச் சாவி எங்கப்பா'ன்னு கேட்டா."

"குடுத்தீங்களா?"

"இல்ல. தையல் மெஷின் இழுப்பறையில ஒளிச்சு வெச்சிருக்கேன்."

கையைக் கழுவிவிட்டு வந்தேன். மூன்றாவது டிஸ்க்குக்கு என்னிடம் ஒரு நகல் இருந்தது. கடையிலிருக்கிற பழைய பெரிய டிவியில் போட்டேன். அதுவரை ஆரம்பத்தை மட்டும் பார்த்திருந்த அண்ணன், அன்றுதான் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் என் பக்கத்தில் நின்று முழுசாகப் பார்த்தார்.

மாடி வந்தது. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. கட்டம் இல்லை, கிழிசல் இல்லை. ஆனால் டெய்லர் அண்ணன் எங்கேயோ தூரத்தில், சுண்டுவிரல் உயரத்துக்கு உட்கார்ந்திருந்தார். குழந்தை அவரைவிடச் சின்னதாக, கேமராவை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தது. நான் பார்த்த டேப்பில் இல்லாத செங்கல் அடுக்கு ஒன்று இடது பக்கம் தெரிந்தது. வலது பக்கம், கேமராவுக்கு வெகு அருகில், துருப்பிடித்த கம்பிகள் நான்கு நின்றன.

"வா, வா, என் ராஜாத்தி. அம்மாகிட்ட வா."

குரல் மட்டும் தூரம் போகவில்லை. காதோடுதான் கேட்டது.

"அந்தக் கம்பி" என்றார் அண்ணன் மெதுவாக.

"என்ன கம்பி?"

"தூணுக்கு விட்ட கம்பி. மாடியோட ஓரத்துல இருந்தது. அது படத்துல விழணும்னா, கேமரா அதுக்கு இந்தப் பக்கம் இருக்கணும்."

"இந்தப் பக்கம் என்ன இருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. காத்துதான்."

படம் இருள வேண்டிய இடம் வந்தது. நானே வெட்டிய இடம், நொடி பிசகாமல் எனக்குத் தெரியும்.

இருளவில்லை.

குழந்தை நடந்துகொண்டே இருந்தது. டேப்பில் அது வைத்தது ஐந்து எட்டு. இப்போது எட்டாவது, ஒன்பதாவது வைத்தது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கம்பிகள் நிற்கிற ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தது. தூரத்தில் அண்ணன் அசையாமல், புன்னகை மாறாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் ஏன் எழுந்திருக்கல?" என்றார் பக்கத்திலிருந்த அண்ணன். "நான் ஏன் ஒண்ணும் சொல்லாம உக்காந்திருக்கேன்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணே, நீங்க சொன்னீங்க."

"என்ன?"

"'நில்லு'ன்னு கத்தினீங்க. 'போதும், நில்லு, நில்லு'ன்னு. டேப்ல இருக்கு. உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

அவர் தலையை இல்லை என்று ஆட்டினார். இருபத்து நாலு வருஷமாக அந்த மனுஷனுக்கு முதல் பாதி மட்டும்தான் ஞாபகம்.

"அதையும் நான் எடுத்துட்டேன்ணே. நீங்க எதுவும் வேண்டாம்னீங்களேன்னு எடுத்துட்டேன். பாப்பாவோட அம்மாவை நிக்கச் சொல்ல இதுல யாருமே இல்ல."

அவர் பாதி இறங்கிய ஷட்டரில் தலையை இடித்துக்கொண்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். கடையைப் பூட்டவில்லை.

மூன்று தெரு. நடுமத்தியானம், ஒரு ஆள் இல்லை. வாசல் திறந்து கிடந்தது. கூடத்தில் டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எதிரில் நாற்காலி காலி. பாதி கட்டிய பெட்டி தரையில் வாய் பிளந்து கிடந்தது. தையல் மெஷினின் இழுப்பறை திறந்திருந்தது.

"வா, வா, என் ராஜாத்தி."

படியில் ஏறும்போதே மேலேயிருந்து வெயில் இறங்கி வந்தது. இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த கதவு அகலமாகத் திறந்திருந்தது.

பாப்பா மாடி நடுவில் நின்றாள். நின்றாள் என்றா சொன்னேன்? நடந்துகொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுப் பெண், கால் இரண்டையும் அகட்டி வைத்து, இடுப்பு ஆட ஆட, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, அப்போதுதான் நடை பழகுகிற குழந்தை மாதிரி ஒவ்வொரு எட்டாக வைத்தாள். எதிரே நான்கு துருப்பிடித்த கம்பிகள். அதற்கப்புறம் தெரு.

"பாப்பா!" என்று கத்தினேன். திரும்பவில்லை. பக்கவாட்டில் அவள் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள், அதுவும் எவ்வளவு சந்தோஷமாக! எனக்கு ஓடிப்போய்ப் பிடிக்கத் தோன்றியது, கால் எழவில்லை. ஏன் எழவில்லை என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

கீழேயிருந்துதான் குரல் வந்திருக்க வேண்டும். டிவி கீழேதான் இருந்தது.

"அம்மாகிட்ட வா."

அது கம்பிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

அண்ணன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தொண்டை அசைந்தது, உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது. நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அண்ணே, சொல்லுங்க. அன்னிக்குச் சொன்னதைச் சொல்லுங்க."

பாப்பா இன்னொரு எட்டு வைத்தாள்.

இன்னொன்று.

அவர் மகளைப் பார்க்கவில்லை. அவளையும் தாண்டி, ஓரத்துக்கு அப்பால், ஆள் உயரத்தில் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவர் முகம் எப்படி மாறியதென்று டேப்பில் பார்த்திருந்தேனே, அதே மாற்றம். அதே ஆள், மீசை மட்டும் வெள்ளை.

"போதும்!" என்றார். "நில்லு. நில்லும்மா!"

கூப்பிட்டுக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது.

பாப்பாவும் நின்றாள். முழங்கால் மடங்கி, குழந்தைகள் உட்காருவதுபோலப் பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். கம்பிக்கும் அவள் காலுக்கும் ஒரு முழம்கூட இல்லை. அண்ணன் போய் அவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தார். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, "நான் எப்பப்பா மேல வந்தேன்?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

அங்கேயே, அந்த வெயிலில் உட்கார்ந்து அவர் எல்லாவற்றையும் சொன்னார். நான் இறங்கிப் போயிருக்க வேண்டும், போகவில்லை. பாப்பா கடைசிவரை கேட்டாள். அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டாள். 'உங்களாலதான்' என்ற எந்த வார்த்தைக்குப் பயந்து அவர் இத்தனை வருஷம் செத்துச் செத்துப் பிழைத்தாரோ, அந்த வார்த்தையை அவள் சொல்லவே இல்லை.

"அத்தை, எனக்குப் புதுசா ஒண்ணு போட்டுத் தாங்க" என்றாள் என்னிடம். "அப்பா குரலும் இருக்கட்டும். ரெண்டு தடவை பேசினதும் இருக்கட்டும்."

பழைய மூன்றையும் வாங்கி, என்னிடமிருந்த நகலையும் சேர்த்து, என் கையாலேயே உடைத்தேன். நான்காவது டிஸ்க்கை ராத்திரி வேலையாக வைத்துக்கொள்ளாமல், மறுநாள் காலையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிந்தேன். பேச்சு எதையும் நீக்கவில்லை. 'நில்லு' என்ற சொல் முடிகிற இடத்தில், வானம் வருவதற்கு முன், படத்தை நிறுத்தினேன். அது மட்டும்தான் நான் வெட்டியது.

பாப்பா சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். டிஸ்க்கை வாங்கிக்கொள்ள அண்ணன் மட்டும் வந்தார். கொடுப்பதற்கு முன் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று போட்டேன். எல்லாம் டேப்பில் இருந்தபடி இருந்தது. குழந்தை பெரிதாகத் தெரிந்தது. கம்பி இல்லை, செங்கல் அடுக்கு இல்லை. "இன்னும் கொஞ்சம் பின்னாடி போ, நடக்கட்டும்." அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் காதைப் பொத்தவில்லை. கேமரா பின்னால் போனது. இரண்டு எட்டு. மூன்று எட்டு. அவர் தலையை நிமிர்த்தினார். "போதும்! நில்லு, நில்லு!"

நான் வெட்டிய இடம் வந்தது.

படம் முடியவில்லை.

கேமரா அசையாமல் நின்றது. வானம் வரவில்லை. குழந்தை தத்தித் தத்தி நடந்து வந்து, இரண்டு கையாலும் திரையை மறைத்தது. இருட்டுக்குள்ளிருந்து, மூச்சு வாங்கியபடி, சிரித்தபடி, அந்தக் குரல் வந்தது. டேப்பை நான் நாலு தடவை ஓட்டியிருக்கிறேன். அந்த வார்த்தைகள் அதில் கிடையாது.

"சரிங்க, நின்னுட்டேன். இங்கயேதான் நிக்கறேன். நீங்க வாங்க."

டெய்லர் அண்ணன் கண்ணைத் திறந்தார். பயப்படவில்லை. அடுத்த அறையிலிருந்து கூப்பிடுகிறவளுக்குப் பதில் சொல்வதுபோல, திரையைப் பார்த்துச் சொன்னார்:

"கொஞ்சம் பொறு. பாப்பா ஊர் போய்ச் சேரட்டும், வந்துடறேன்."